திரும்பாத தட்டும் ஏறிக்கொண்டே போன எண்ணும்

ஆய்வகத்தின் சாவி இப்போது உங்களிடம் இருக்கிறது. ஜன்னலோர அலமாரியில், மோட்டாரை ஓட்டுகிற, எரிந்துபோன டிரைவர் போர்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் கிடக்கும். நான் அவற்றைப் பாடமாக வைத்திருந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூக்கிப்போடச் சோம்பல், அவ்வளவுதான். நீங்கள் தாராளமாகத் தூக்கிப்போடலாம்.

இருபத்தெட்டு வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு பாலிடெக்னிக்கின் மின்னணு ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்திருக்கிறேன். எந்தக் கம்பி எங்கே போகும், எந்த மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் வைக்க வேண்டும் என்பதெல்லாம் இன்று போனிலேயே கிடைக்கிறது. என்னைவிட நீங்கள் வேகமாகத் தேடி எடுப்பீர்கள். நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை. மாணவர்களின் புராஜெக்ட் போக, ஊர்க்காரர்கள் சிலரும் நம் கதவைத் தட்டுவார்கள். மாட்டுக்குத் தீவனம் நேரத்துக்குக் கொட்டணும், தொட்டி வால்வு தானாக மூடணும், சின்ன மோட்டார் வைத்து ஏதாவது செய்து தருவீர்களா என்று கேட்பார்கள். செய்யக் கூடாது என்று விதி இல்லை. செய்ய வேண்டும் என்றும் இல்லை. எனக்கு அது பொழுதுபோக்கு. வாங்குகிறவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று.

இதற்கு இரண்டு மோட்டார்களின் குணம் தெரிந்தால் போதும். சர்வோ மோட்டாருக்குத் தான் எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்று தெரியும். ஆனால் மலிவான சர்வோவுக்குப் பொறுமை கிடையாது. கரண்ட் வந்த நொடியில், நாம் எதுவும் சொல்லும் முன்பே, ஒரு துள்ளு துள்ளும். ஒருமுறை கண்காட்சிக்காக சின்னசேலம் ரயில்வே கேட் மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தோம். எங்கள் பாலிடெக்னிக் முதல்வர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, போயிருந்த கரண்ட் திரும்பி வந்தது. கேட் கட்டை எழுந்து அவர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. நல்ல மனிதர், சிரித்துவிட்டார். நான்தான் ஒரு வாரம் அவர் அறைப் பக்கமே போகவில்லை.

ஸ்டெப்பர் மோட்டார் இதற்கு நேர் எதிர். சாது. நூறு அடி வை என்றால் நூறு அடி வைக்கும். ஆனால் தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடக்கிற ஆள் மாதிரி. நடுவில் சுவரில் முட்டி நின்றுவிட்டாலும் நம் போர்டு பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும். அதனால்தான், இதுதான் ஆரம்பம் என்று காட்ட ஒரு சுவிட்சோ சென்சாரோ வைக்கிறோம்.

பூங்காவனம் என்று ஒருவர். வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் போக வேண்டிய ஒரு சிற்றூர்க்காரர். எங்கள் ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கிய அம்மாவின் தங்கை. நாற்பது வயது இருக்கும். வருடா வருடம் கணவனும் மனைவியுமாகக் கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார்கள். போகும்போது மகளையும் கூட்டிப் போக வேண்டியிருக்கும். வயசுப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? அந்த வருடம் மகள் பத்தாவது. தோட்டத்துக்குப் போனால் பரீட்சை போச்சு. போகாமல் இருக்க வேண்டுமானால் ஊரிலேயே ஒரு பிழைப்பு வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்துக் கொடுக்கலாம் என்று அவருக்கு யோசனை. அதற்கு முட்டை பொரிக்கும் பெட்டி வேண்டும்.

முட்டை அவருடையதல்ல. மலையில் கோழியை வாரத்துக்கு விடும் வழக்கம் உண்டு. ஒருவர் கோழி கொடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார், குஞ்சில் ஆளுக்குப் பாதி. அதையே பூங்காவனம் முட்டைக்குக் கொண்டுவந்தார். பதினொரு வீட்டில் பேசி, எண்பத்துநாலு முட்டை சேர்த்தார். எந்த முட்டை எந்த வீடு என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம். ஒரு வீட்டுக்குக் கரிக்கோடு, ஒரு வீட்டுக்கு மஞ்சள் புள்ளி, ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு வட்டம் என்று ஓட்டின் மேல் போட்டு வைத்திருந்தார். எங்கள் ஆய்வகத்தில் ஒயருக்குக்கூட அவ்வளவு ஒழுங்காக லேபிள் ஒட்டியது கிடையாது.

பெட்டியை நானே செய்தேன். முட்டையை ஒரே பக்கமாக வைத்திருந்தால் உள்ளே வளரும் குஞ்சு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். கோழி தன் அலகால் அடிக்கடி புரட்டிவிடும். பெட்டியில் அந்த வேலையை ஒரு சாய்கிற தட்டு செய்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடதிலிருந்து வலது, வலதிலிருந்து இடது. சர்வோ வைத்தால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் துள்ளி முட்டையைக் குலுக்கும் என்று ஸ்டெப்பர் வைத்தேன். ஆரம்ப இடத்தைக் காட்ட வழக்கமாகத் தொட்டால் அமுங்கும் சின்ன சுவிட்ச்தான் வைப்போம். இப்படிப்பட்ட பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தில் அது துருப்பிடித்து ஏற்கெனவே ஒருமுறை என்னைக் கவிழ்த்திருந்தது. இந்தத் தடவை, இரும்பு அருகில் வந்தாலே உணரும் சென்சார் வாங்கினேன். தட்டு முழுக்க அலுமினியம், இடது ஓரத்தில் ஒரே ஓர் இரும்பு போல்ட். ஒவ்வொரு தடவையும் தட்டு முதலில் இடது பக்கம் போய், போல்ட்டைப் பார்த்து, அங்கிருந்து அடி எண்ணித்தான் வலது பக்கம் போகும்.

பஜாரில் அந்த சென்சாரை விற்ற பாய் கையில் வைத்து உருட்டிக்கொண்டே சொன்னார்: "மேடம், வெல ஜாஸ்தி, புத்தி கம்மி. எந்த இரும்பு வந்தாலும் இது தலையாட்டும். பாத்துக்குங்க."

பெட்டிக்குள் வேறு இரும்பு எங்கே வரப்போகிறது என்று நான் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு பில் போட்டார்.

பெட்டியின் முன்னால் ஒரு சின்னத் திரையும் வைத்தேன். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, தட்டு எத்தனை தடவை திரும்பியது என்று காட்டும். அந்தத் திரையில் எனக்குத் தனிப் பெருமை.

முட்டை வைத்த ஏழாம் நாள் பூங்காவனம் கூப்பிட்டார். தட்டு எப்பவும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிற மாதிரித் தெரிகிறது என்றார். நான் செய்முறைத் தேர்வில் இருந்தேன். முப்பது மாணவர்கள், வெளியிலிருந்து வந்த தேர்வாளர், எரிச்சலில் நான். திரையில் என்ன எண் என்று கேட்டேன். சொன்னார். மனதுக்குள் கணக்குப் போட்டேன், சரியாக இருந்தது. அது திரும்பிக்கொண்டுதான் இருக்கிறது, நீங்கள் பார்க்கிற நேரமெல்லாம் அந்தப் பக்கம் இருக்கிற நேரமாக அமைந்துவிடுகிறது, கவலைப்படாதீர்கள் என்றேன். குரலில் கொஞ்சம் வாத்தியார்த்தனம் இருந்திருக்கும். அவர் சரிங்க டீச்சர் என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பிற்பகலில் மறுபடியும் போன்.

"டீச்சர், காலையில இருந்து பொட்டி முன்னாடியே ஒக்காந்துக்கினு கீறேன். களையெடுக்கக்கூடப் போவல. கர்ர்னு சத்தம் வருது, நம்பரு ஏறுது. தட்டு மட்டும் அசையவே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையில் ஓடிய எண், தட்டு திரும்பிய தடவை அல்ல. திரும்பு என்று நான் போட்ட கட்டளை எத்தனை தடவை போனது என்கிற கணக்கு. அதை எழுதியவள் நான். ஒரு பெண் கண்ணால் பார்த்துச் சொன்னதை ஒதுக்கிவிட்டு, நானே எழுதிய எண்ணை நானே சாட்சியாக வைத்துக்கொண்டு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அன்று கிளம்பினால் மலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் வெள்ளிமலையிலிருந்து உள்ளே போக ஜீப் இருக்காது. மறுநாள் வரைக்கும் தட்டை அப்படியே விடவும் முடியாது. சூட்டுக்கும் மோட்டாருக்கும் தனித்தனி பிளக் வைத்திருந்தது ஒன்றுதான் அந்த நேரத்தில் நான் உருப்படியாகச் செய்திருந்த காரியம். மோட்டார் பிளக்கைப் பிடுங்கினால் மோட்டாரின் பிடி தளர்ந்து தட்டு கைக்கு வரும். ஆனால் அவசரத்தில் வேகமாகச் சாய்த்துவிட்டால் எண்பத்துநாலு முட்டையும் ஒரே நேரத்தில் குலுங்கும். கையால் திருப்பச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் போனிலேயே இழுத்துக்கொண்டிருந்தேன். எதற்குத் தயங்குகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"கோழி மூக்கால தான தள்ளுது டீச்சர். நான் கையால தள்ள மாட்டனா?"

பிடுங்கச் சொன்னேன். மெதுவாகச் சாய்த்து, கீழே ஒரு விறகுத் துண்டை முட்டுக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றச் சொன்னேன். மறுநாள் நான் போய்ச் சேரும்வரை ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதற்கு அவருக்குத் திரை தேவைப்படவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் வரைக்கும், டிரைவர் போர்டு எரிந்திருக்கும், இல்லை கம்பி விட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நம் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. போய்ச் சேரும் முன்பே வியாதிக்குப் பெயர் வைத்துவிடுவோம்.

அங்கே போய் எல்லாவற்றையும் பிரித்தேன். டிரைவர் நன்றாக இருந்தது. கம்பி நன்றாக இருந்தது. மோட்டாரைத் தனியாகச் சுற்றவிட்டால் சுற்றியது. சென்சாரின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும், தட்டு வலது பக்கம் சாய்ந்திருக்கும்போதும் எரிந்துகொண்டிருந்தது. அதாவது எப்போதும் இரும்பு எதிரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. போர்டு அதை நம்பி, தட்டு இடது பக்கம்தான் இருக்கிறது என்று நினைத்து, ஏற்கெனவே வலது பக்கம் கிடந்த தட்டை மேலும் வலது பக்கம் தள்ளப் பார்த்திருக்கிறது. அதுதான் அந்த கர்ர். ஈரத்தில் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, கொண்டுபோயிருந்த மாற்று சென்சாரை மாட்டினேன். அதிலும் விளக்கு எரிந்தது.

பூங்காவனம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் உட்சுவரில் நீர் கோத்திருந்ததைத் துடைக்கத் துணியோடு கையை விட்டார். துடைக்க வசதியாக, சென்சாருக்கு எதிரே இருந்த மரச் சட்டத்திலிருந்து எதையோ எடுத்து வெளியே வைத்தார். விளக்கு அணைந்தது.

விரல் நீள இரும்பு. உடைந்த அரிவாளின் முனை. கூடவே ஒரு துண்டு அடுப்புக்கரி.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். இதை யார் இங்கே வைத்தது என்று கேட்ட என் குரல் அந்தச் சின்ன வீட்டுக்குள் அதிகமாகவே ஒலித்தது. வாசலில் நின்றிருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பூங்காவனம் குனியவில்லை. ஆறாம் நாள் சாயந்திரம் பெரிய இடி இடித்தது என்றார். இடிச் சத்தத்தில் அடை முட்டையெல்லாம் கூமுட்டையாகிவிடும், அதனால் கோழியை அடை வைக்கும்போது கூடைக்குள் ஓர் இரும்பும் கரியும் போட்டு வைப்பது எங்கள் வழக்கம், இங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்றார். எண்பத்துநாலும் அடுத்த வீட்டு முட்டை, போடாமல் விட்டால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"தண்ணி கம்மியாவக் கூடாதுன்னீங்க. மூடிய சும்மா தொறக்காதன்னீங்க. இரும்பு வெக்காதன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே."

இல்லைதான். அவருக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்திருந்தேன். எல்லாம் நான் சொல்ல வேண்டியவை. உங்கள் வீட்டில் முட்டையை எப்படி அடை வைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால், அரிவாள் முனையும் கரியும் அந்த ஒரு பதிலிலேயே வந்து விழுந்திருக்கும். இரும்பை உணரும் சென்சாரை, இரும்பு போட்டு அடை வைக்கிற ஊருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். பாய் சொன்னபோதும் காதில் ஏறவில்லை.

கதவைச் சாத்தி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். உயிர் இருந்தால் சிவப்பு நரம்பு சிலந்தி வலை மாதிரித் தெரியும், உள்ளே ஒரு புள்ளி அசையும். போய்விட்டிருந்தால் மங்கலாக ஒரு வளையம். நான் பார்த்துச் சொல்ல, பூங்காவனம் இரண்டு கூடையில் பிரித்து வைத்தார். ஏறக்குறைய பாதி போயிருந்தது. மஞ்சள் புள்ளி போட்ட ஏழு முட்டையில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அவர் கம்பளியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் வண்டி வருகிறது என்று அவர் அக்கா என்னிடம் சொல்லியிருந்தார். பதினொரு வீடும் இனி முட்டை தர மாட்டோம் என்றால் அவரும் மகளும் அதில் ஏற வேண்டியதுதான்.

"பதினோரு வூட்டுக்கும் நாந்தான் போயி சொல்லணும். நான் வெச்ச இரும்பால போச்சுன்னு சொல்லட்டா, மிசினு கெட்டுப்போச்சுன்னு சொல்லட்டா? இன்னா சொல்றது டீச்சர்?"

உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி வரும். மோட்டாரைப் பற்றிய கேள்வியாக இருக்காது. பதில் சொல்ல உங்களுக்கு நேரமும் கிடைக்காது. இரும்பு என்று சொன்னால் பழி அவர் தலையில் விழும், அதுவும் ஊரே செய்கிற ஒரு காரியத்துக்காக. மிஷின் கெட்டது என்று சொன்னால் மிஷின் கெட்டிருக்கவில்லை, தவிர இனி யாரும் அந்தப் பெட்டியை நம்ப மாட்டார்கள். இரண்டிலும் என் பெயர் மட்டும் வரவில்லை. அதைத்தான் கவனித்தேன். ஏழாம் நாளே அவர் எனக்குச் சொல்லிவிட்டார். அன்றே நான் கேட்டிருந்தால் போனது ஒரு நாளோடு போயிருக்கும்.

நானும் வருகிறேன் என்றேன். அன்று சாயங்காலம் பதினொரு வீட்டுக்கும் இரண்டு பேருமாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். இவங்க சரியான நேரத்துக்குக் கண்டுபிடிச்சு எனக்குச் சொன்னாங்க, நான்தான் நம்பல, அதனால ரெண்டு நாள் வீணாப் போச்சு, தப்பு என்னுது. முதல் வீட்டில் இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நாலாவது வீட்டுக்குள் பழகிவிட்டது. சிலர் சரி விடுங்க என்றார்கள். ஒருவர் என்னைப் பார்க்காமல் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

மஞ்சள் புள்ளி வீட்டைக் கடைசியாக வைத்திருந்தோம். அந்த வீட்டம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கை நிற்கவில்லை. ஏழு முட்டையும் போய்விட்டது என்று கேட்டபோது மட்டும் நின்றது. என்னைத் திட்டவில்லை. எப்படிக் கெட்டது என்றும் கேட்கவில்லை. பூங்காவனத்தைக் கையால் காட்டிக் கேட்டார்:

"அடுத்த தபா இவ போன் போட்டா, அன்னிக்கே வருவீங்களா?"

வருவேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி புடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் அந்த சென்சாரைக் கழற்றிவிட்டு, ரப்பர் உறை போட்ட தொடு சுவிட்ச் இரண்டு மாட்டினேன், பக்கத்துக்கு ஒன்று. தட்டு நிஜமாகவே எதிர்ப்பக்கம் போய் சுவிட்சைத் தொட்டால்தான் எண் ஏறும் என்று மாற்றி எழுதினேன். இரும்பை எடுக்கச் சொல்லவில்லை. அதற்கென்று பெட்டிக்குள் ஒரு சின்ன மாடம் அடித்துக் கொடுத்தேன். இடியில் முட்டை கெடும் என்று நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் அந்த ஊரில் இரும்பு இல்லாத பெட்டிக்கு யாரும் முட்டை தர மாட்டார்கள். அதுவும் அந்தப் பெட்டிக்கு வேண்டிய ஒரு பாகம்தான்.

முப்பத்தெட்டுக் குஞ்சு பொரித்தது. அடுத்த ஈட்டுக்கு மூன்று வீடுகள் முட்டை தரவில்லை. எட்டு வீடுகள் தந்தன. அதில் முதல் கூடை மஞ்சள் புள்ளி போட்டது. தோட்டத்து வண்டியில் கணவர் மட்டும் ஏறினார். மகள் பரீட்சை எழுதினாள்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை பூங்காவனம் ஏழு தடவை போன் செய்தார். ஐந்து தடவை போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஏழு தடவையும் அன்றைக்கே பஸ் ஏறினேன்.